பதக்கத்தின் விளிம்பில்

கபீரா,
4 ஜூன் 1989

என் அன்பு அண்ணன் யெசாயாவுக்கு,

உன் தம்பி லிம்பானி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். ஆடு மட்டும் நலமில்லை. நீ பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த சந்தோஷத்தில் அதை வெட்டிச் சாப்பிட்டுவிட்டோம்.

நீ லாரியேறிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அப்பாவோ இன்னும் உன்னை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார். நேற்று சந்தையில் மீன் வாங்க வந்த ஓர் அந்நியரைப் பிடித்துக்கொண்டு, “இறங்குறான் பாருங்க, இந்தப் பக்கம் மார்புல, வெயில்ல பளிச்சுன்னு...” என்று ஆரம்பித்தார். அந்த ஆள் மீனைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார். அவருக்குப் பொறுமை இருந்தது. மீனுக்குத்தான் இல்லை.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வருவதாகத் தந்தி வந்த அன்று நம் ஆட்டக்குழு போமாக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். வாய் சும்மா இருக்குமா? “அண்ணன் தனியாளா ஒரு ரயிலையே காப்பாத்திட்டான். டிரைவர் ஓடிட்டாரு. அண்ணனே எஞ்சினை நாப்பது மைல் ஓட்டிக்கிட்டு வந்துட்டான்” என்று சொல்லிவிட்டேன். உனக்கு சைக்கிளே நேராக ஓட்ட வராது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நம்பினார்கள். பெரிய முரசை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து நின்றார்களே, அது அதனால்தான். இனி உதைதான் என்று நான் மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தேன். நீயோ பதக்கத்தோடு இறங்கினாய்! என் பொய்யை நிஜமாக்கிய முதல் மனிதன் நீதான் அண்ணா. ஆனால் பதினெட்டு நாள் இருந்தும் அதை எப்படி வாங்கினாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விடுவாய். இதுதான் எனக்கு மனக்குறை.

இன்னொரு செய்தி. கெய்ரோ எங்கே இருக்கிறது என்று தெரியாத இருபத்துநாலு பேர், ராஜாவான கிங்கி முதல் டாக்டர் வரை பதவி வைத்துக்கொண்டு, வெள்ளை டவுசர் போட்டு, சுரைக்குடுவை ஊதி, பட்டாளம் போல நடந்து ஆடுகிறோமே, அந்த நம் கெய்ரோ போமாவுக்கு இந்த வருடம் நான்தான் கேப்டன்! உன் இடம். அப்பா என்னைத் தலைவலி என்கிறார், ஆட்டத்தில் நான் தளபதி. இரண்டும் பதவிதானே. கிங்கி ஜோசாயா சைக்கிள் கடையில் உட்கார்ந்து எனக்காகப் பால்டப்பாவை வெட்டி நாலு பதக்கம் செய்து தந்தார். ஒன்றில் பசுவின் முகம் அப்படியே இருக்கிறது.

உன் கூடாரத் தோழன் வோங்கானிக்கு என் வணக்கம். அடுத்த முறை அவரையும் கூட்டி வா. அவர் ஊர் சிவோமோ இங்கிருந்து ஒரு நாள் நடைதானே.

உன் பாசமுள்ள தம்பி,
கேப்டன் லிம்பானி லோங்வே
(பால்டப்பாப் படை)


ரயில்பாதை முகாம், மொசாம்பிக்,
29 ஜூன் 1989

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். கேப்டன் ஆனதற்கு வாழ்த்து. சுரைக்குடுவையில் பழைய சவ்வை வைத்து ஊதாதே. சிலந்திக்கூட்டின் சவ்வை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக ஒட்டு. சத்தம் கிழியாது.

என் தகரப் பெட்டியைத் திறக்காதே. உன்னைத் தெரியும் என்பதால் மறுபடியும் எழுதுகிறேன், திறக்காதே. அதில் இருக்கும் சட்டையும் மற்றதும் அங்கேயே இருக்கட்டும். அடுத்த விடுப்பில் எனக்கு அதை வைத்து ஒரு வேலை இருக்கிறது.

அப்பாவிடம் சந்தையில் பேசுவதைக் குறைக்கச் சொல்.

வோங்கானிக்கு உன் வணக்கத்தைச் சொல்ல முடியவில்லை. மே மாதம் 13ஆம் தேதி, நான் நம் வீட்டில் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தபோது, அவன் போன காவல் வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. நான் திரும்பி வந்தபோது கூடாரத்தில் அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது.

இங்கே மழை இல்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

உன் அண்ணன்,
யெசாயா


கபீரா,
20 ஆகஸ்ட் 1989

அன்பு அண்ணனுக்கு,

வோங்கானி அண்ணனைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பாக மட்டும்தான் எழுத வரும். அதனால் எழுதவில்லை.

இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன் முழுதாகப் படி. ஆட்டக்களத்தில் நிஜப் பொருள் எதுவும் வரக்கூடாது என்ற போமா சட்டம் எனக்குத் தெரியும். நிஜப் பித்தளைப் பொத்தான் ஒன்று இருந்தால்கூட கிங்கி பிய்த்து எறிந்துவிடுவார். ஆனால் போன சனிக்கிழமை ஆட்டம் சிவோமோவில், அந்த ஊர் ரங்கூன் போமாவோடு. போன வருடம் அவர்கள் கேப்டன் நம்மைப் பார்த்து “கெய்ரோக்காரங்க பால் குடிச்ச டப்பாவக் கழுவாமலே மாட்டிக்கிட்டு வந்துட்டாங்க, எறும்பு வருது பாரு” என்றானே, நினைவிருக்கிறதா? ஒரே ஒரு நாள், என் பசு முகத்துக்குப் பக்கத்தில் உன் பதக்கம் இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். பூட்டு சைக்கிள் கம்பிக்குத் திறந்தது. நல்ல பூட்டு வாங்கு.

ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா! இரண்டாம் சுற்றில் முரசு சூடேறி, நான் விசில் ஊதித் திரும்பினால் இருபத்துநாலு பேர் முட்டியும் ஒரே முட்டியாகத் திரும்புகிறது. பெண்கள் வழக்கம்போல உள்ளே வந்து துணியால் வியர்வை துடைத்து, முகத்தில் பவுடர் அப்பிவிட்டுப் போகிறார்கள். அப்போது ஓரத்தில் நின்றிருந்த ஓர் அம்மா மெதுவாக வந்தார். தலை மழித்திருந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் களத்துக்குள் வரமாட்டார்களே என்று நினைத்தேன். என் நெற்றியைத் துடைத்தார். துணி கழுத்துக்கு வந்தது. மார்புக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“இது தகரம் இல்லையே” என்றார்.

நான் ஊதுவதை நிறுத்தவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் கேப்டன் உண்டா? அவர் பதக்கத்தை விரலால் திருப்பி, விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்துக்கூட்டி வாசித்தார். ஏழு, நாலு, ஒண்ணு, ஒம்பது, ரெண்டு.

“என் மகனோட பட்டாள நம்பர் இது, நாலு வருஷமா நான் கவர் மேல எழுதுறேன். இது எப்படிடா உன்கிட்ட வந்துச்சு?”

சுற்றிலும் முரசு. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அண்ணா, என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே அது வேலை செய்தது. “உங்களுக்குத்தான்ம்மா கொண்டுவந்தேன். யெசாயா அண்ணன் குடுத்து அனுப்புனாரு. ஆட்டம் முடிஞ்சதும் வீடு தேடி வரலாம்னு இருந்தேன்.”

பதக்கத்தைக் கழற்றி அவருடைய மேல்துணியில் குத்தினேன். ஊசி இரண்டு தடவை நழுவியது. கெய்ரோ கேப்டன், மகனை இழந்த தாய்க்குப் பதக்கம் குத்துவதைப் பார்த்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அவர் குலவை எதையும் கேட்கவில்லை. பதக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அப்படியே நடந்து போய்விட்டார். அவர் பெயர் நியாகொண்ட்வே. வோங்கானி அண்ணனின் அம்மா.

அண்ணா, குத்தும்போது நானும் விளிம்பைப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் W. KAMANGA என்று இருந்தது. உன் பெயர் இல்லை.

ஏன் இல்லை?

லிம்பானி


ரயில்பாதை முகாம்,
12 செப்டம்பர் 1989

அன்புள்ள தம்பி,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

அது வோங்கானியுடையது. மார்ச் மாதம் அணிவகுப்பில் அவனுக்குக் குத்தினார்கள். நான் விடுப்பில் கிளம்பியபோது, “தபால்ல போட்டா காணாமப் போயிடும்டா, அம்மா கையிலேயே குடுத்துடு” என்று தந்தான். வழியில் பை திருடுவார்கள் என்பதால் சட்டைப் பையின் உள்பக்கம் குத்தி வைத்திருந்தேன். லாரி நம் ஊர் வளைவில் திரும்பும்போது முரசு கேட்டது. எனக்காக என்று புரிந்தது. உள்பக்கம் இருந்ததை எடுத்து வெளிப்பக்கம் குத்திக்கொண்டேன். அரை நிமிட வேலை. வீடு வரை போய்க் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் அப்பா என்னைப் பார்த்து நின்ற விதம் உனக்குத் தெரியும். என்னைப் பார்த்து அவர் அப்படி நின்றதே இல்லை. அதற்குப் பிறகு கழற்ற முடியவில்லை. கழற்றாமல் சிவோமோவுக்குப் போகவும் முடியவில்லை. இங்கே எடுத்து வரவும் முடியாது, அவன் கேட்பான். பெட்டியில் பூட்டிவிட்டு, ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள், அடுத்த விடுப்பில் கொடுத்துவிடலாம் என்று வந்தேன். அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லத் தயாராக வந்தேன். அந்தப் பொய்க்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் நீ சொன்னது முழுப் பொய் இல்லை. அது அந்த அம்மாவுக்குத்தான் வந்தது. தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. இத்தோடு விட்டுவிடு. யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் வாய்க்கு நன்றி.

அண்ணன்,
யெசாயா


கபீரா,
1 அக்டோபர் 1989

அண்ணனுக்கு,

விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். நான் விட்டாலும் அது என்னை விடமாட்டேன் என்கிறது.

முதலில் நம் ஊரில் நடப்பதைக் கேள். யெசாயா தன்னுடைய சொந்தப் பதக்கத்தை, இறந்த தோழனின் தாய்க்குத் தம்பி மூலம் கொடுத்தனுப்பினான் என்று பேசுகிறார்கள். போட்டுக்கொண்டு வந்தபோது நீ வீரன். இப்போது கழற்றிக் கொடுத்ததால் வீரனுக்கும் மேலே ஏதோ ஆகிவிட்டாய். அப்பா சந்தையில் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அது இன்னும் மோசம். கிங்கி ஜோசாயா வீட்டுக்கு வந்து, “அடுத்த வருஷத்துலேர்ந்து உம்ம மூத்த மகன்தான் கெய்ரோவுக்குக் கிங்கி. நான் டாக்டரா எறங்கிக்கிறேன். ஊசி போடத் தெரியாது, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவோமோவில் வேறு பேச்சு. அங்கே நீ தோழனின் பொருளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த நல்ல பிள்ளை. இந்த இரண்டு பேச்சும் ஏரிக்கரையில் ஒரு நாள் நடை தூரத்தில் தனித்தனியாக நடமாடுகின்றன. இரண்டும் சந்திக்கும் நாளில் நான் ஏரிக்குள் போய்விட வேண்டியதுதான். சந்திக்கப் போகின்றன. அக்டோபர் கடைசி சனிக்கிழமை ரங்கூன்காரர்களை இங்கே விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் களத்தில் நிஜப் பதக்கம் அணிந்த குற்றத்துக்காக என்னைப் போமா கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். ஒரு சேவல் அபராதம், பிறகு உனக்குக் கிங்கிப் பட்டம். அப்படித்தான் திட்டம்.

இது வரைக்கும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புத்தான் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை அது போய்விட்டது.

நியாகொண்ட்வே அம்மா வீட்டுக்கு வந்தார். அப்பா ஏரியில், அம்மா சந்தையில். நான் மட்டும். ஒரு நாள் முழுக்க நடந்து வந்திருக்கிறார், கையில் ஒரு கோழி.

“உங்க அண்ணனுக்கு வெச்சிரு. வந்தா அறுத்துக் குடு” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார். “அத என் மகன் எப்படி வாங்குனான்? பட்டாளத்துலேர்ந்து கடுதாசி வந்துச்சு. ஒரே வரி. துணிச்சலுக்காகன்னு. கோழி அறுக்கச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு நிப்பான் என் மகன். எந்தத் துணிச்சலு? உங்க அண்ணன் கூடவே இருந்தவன்ல. உன்கிட்ட சொல்லியிருப்பானே.”

அண்ணா, இந்த வாய் நாற்பது மைல் ரயில் ஓட்டிய வாய். அந்த இடத்தில் ஒரு கதை கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நுனிநாக்கு வரை ஒன்று வந்தும்விட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. “தெரியாதும்மா” என்றேன். நான் பிறந்ததிலிருந்து சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அதுதான்.

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்மாவிடம் பதக்கம் மட்டும்தான் இருக்கிறது. மீதி உன்னிடம் இருக்கிறது.

கோர்ட்டில் என் பொய்களை எல்லாம் நான் சொல்லப் போகிறேன், ரயில் உட்பட. உன்னுடையதைச் சொல்லமாட்டேன். அது என்னுடையது இல்லை.

கோழி கட்டிக் கிடக்கிறது. அதற்குத் தீனி போடும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

லிம்பானி


ரயில்பாதை முகாம்,
18 அக்டோபர் 1989

தம்பிக்கு,

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. கோர்ட்டில் நின்று அதைச் சத்தமாகப் படி. நடுவில் நிறுத்தாதே. உன் வார்த்தை ஒன்றையும் சேர்க்காதே. எனக்குச் சாதகமாக எதையும் மாற்றாதே. உன் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை, சொல்லிவிடு. எல்லோர் முன்னிலையிலும் முதல் தடவையாகக் கேட்டால் அவரால் தாங்க முடியாது.

யெசாயா


கபீரா,
30 அக்டோபர் 1989

அன்பு அண்ணனுக்கு,

படித்துவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அப்பாவிடம் முதல் நாளே சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் பின்னுவதைத் தொடர்ந்தார். அம்மா மட்டும், “உள்பக்கம் குத்தியிருந்தப்போ நல்ல பிள்ளையாத்தான் இருந்திருக்கான்” என்றார். சனிக்கிழமை காலையில் அப்பா தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். வராமல் இருந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமரத்தடியில் கோர்ட். இந்தப் பக்கம் கெய்ரோ, அந்தப் பக்கம் ரங்கூன். முதலில் என் ரயிலைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு களத்தில் நியாகொண்ட்வே அம்மாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். சிரிப்பு குறைந்தது. பிறகு உன் தாளைப் பிரித்தேன். “லாரி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் குத்திக்கொண்டேன்” என்ற இடத்தில் நானே என் குரலைக் கேட்டேன். என் குரல் மாதிரியே இல்லை.

ரங்கூன் கேப்டன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அப்ப கெய்ரோவுல டப்பாதான் யோக்கியம்!”

கிங்கி ஜோசாயா அவனை உட்காரச் சொன்னார். “நீ கிண்டலுக்குச் சொன்னே, ஆனா சரியாத்தான் சொன்னே” என்றார். “வெள்ளைக்காரன் சண்டையில நம்ம பாட்டன்மாரு மூட்டை சுமந்தாங்க. தோள் புண்ணாச்சு. பாதிப் பேரு திரும்பி வரல. வந்தவங்களுக்கு ஒரு பொத்தான்கூடக் குடுக்கல. அதனாலதான் தகரத்த வெட்டி நாமளே மாட்டிக்கிட்டோம். தகரத்த மாட்டினா அது யாரோடதும் இல்ல. பார்க்கிற எல்லாருக்கும் தெரியும் அது ஆட்டம்னு. நிஜத்த மாட்டினா அப்படி இல்ல. அதுக்குள்ள ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கான். யெசாயா பால்டப்பாவுல பத்துப் பதக்கம் குத்திக்கிட்டு வந்திருந்தாலும் நாங்க முரசு கொட்டியிருப்போம்.”

தீர்ப்பு: எனக்கு ஒரு சேவலும், இரண்டு வருடம் பதவி இல்லாமல் முரசு தூக்குவதும். முரசு எவ்வளவு கனம் தெரியுமா? உனக்குக் கிங்கிப் பட்டம் இல்லை, கேப்டன் பட்டமும் இல்லை. உன் பெயரைப் போமாவின் பதவிப் பலகையிலிருந்து அழிக்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் தங்கிவிட்டது. நான்தான் மறுபடி துணியை நனைத்து அழித்தேன்.

அப்பா எழுந்து நியாகொண்ட்வே அம்மாவிடம் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“அது எத்தன நாள் அவன் மேல இருந்துச்சு?”

“பதினெட்டு நாள்ம்மா.”

“என் மகன் அத எத்தன நாள் போட்டிருப்பான்?”

எனக்குத் தெரியாது என்றேன். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார்.

“கோழிய நான் எடுத்துட்டுப் போறேன்” என்றார். “உங்க அண்ணன வரச் சொல்லு. மன்னிப்புக் கேக்க வேணாம், எனக்கு அது எதுக்கு? என் மகன் என்ன செஞ்சான்னு சொல்றதுக்கு வரட்டும். கடுதாசில எழுதினா எனக்குப் பத்தாது. வாயால சொல்லணும். பட்டாளச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான்னா வாசல்லயே நிக்க வெச்சிருவேன்.”

அவ்வளவுதான் அண்ணா. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். சிரிப்பாக எழுத ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் தம்பி,
முரசு தூக்கி லிம்பானி


சிவோமோ,
9 ஜனவரி 1990

அன்புள்ள தம்பி,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். வழிப் பயணம் தவிர்த்துப் பத்து நாள் விடுப்பு. எட்டு நாளாக இங்கேதான் இருக்கிறேன். கடைக்காரர் ஒருவர் நாளை கபீரா போகிறார், அவரிடம் இதைத் தருகிறேன். நாளை மறுநாள் நான் திரும்ப வேண்டும். இந்தத் தடவை வீட்டுக்கு வர நாள் இல்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்.

ஏரிக் கப்பலிலிருந்து இறங்கி வழி கேட்டு வந்தேன். சாதாரணச் சட்டைதான். நியாகொண்ட்வே அம்மா மரவள்ளி காயவைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளினார். உட்கார்ந்தேன்.

உன்னிடமும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோர்ட்டில் படிக்கத் தந்த தாளிலும் அதை எழுதவில்லை. அந்தப் பதக்கத்தை அவன் எனக்காக வாங்கினான்.

போன வருடம் ஜனவரியில், நாங்கள் காவலுக்குப் போன சரக்கு ரயிலைக் கலகக்காரர்கள் தாக்கினார்கள். எல்லோரும் இறங்கிப் பள்ளத்துக்கு ஓடினார்கள். நான் பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். தண்டவாளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கை திறக்கவில்லை. முன்னால் இருந்த பெட்டி எரிய ஆரம்பித்தது. பள்ளத்தில் பத்திரமாக இருந்த வோங்கானி திரும்பி ஓடி வந்தான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஐந்தாவது விரலுக்கு வரும்போது, “சுண்டு விரல்ல இவ்வளவு பலமாடா உனக்கு” என்று சிரித்தான். என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டான். பிறகு எஞ்சின்காரருக்காக இன்னொரு முறை போனான். துணிச்சலுக்காக என்று அவர்கள் எழுதியது இதைத்தான். ஊரில் நீ கேட்கும்போதெல்லாம் வலையைப் பார்க்க எழுந்து போனேனே, இதனால்தான். அவன் பதக்கத்தைப் போட்டுக்கொள்ள முடிந்தது. அதை எப்படி வாங்கினான் என்று சொன்னால், நான் எங்கே இருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் இதைச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. விரல்கள் வரும் இடத்தில் என்னால் பேச முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் மரவள்ளியைத் திருப்பிப் போட்டார். பிறகு, “நாளைக்கும் வா. என் தங்கச்சி வருவா, அவளுக்கும் சொல்லு” என்றார்.

மறுநாள் தங்கைக்குச் சொன்னேன். அதற்கு மறுநாள் வோங்கானியின் மாமாவுக்கு. பிறகு ரங்கூன் போமா மொத்தத்துக்கும். உன்னைக் கிண்டல் செய்த அந்தக் கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா எனக்கு எதிரில்தான் உட்கார்வார். மகன் சிரித்தான் என்ற இடத்தில் மட்டும் உதடு அசையும். சாப்பாடு போடுவார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்.

இன்று காலை பாதிரியார் வந்திருந்தார். ஏழாவது முறையாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. சுண்டு விரல் வருமுன் கொஞ்சம் நிறுத்தினேன். அங்கே நிறுத்தினால் கேட்பவர்கள் முன்னால் சாய்வார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. பாதிரியார் சாய்ந்தார்.

அந்த அம்மா எழுந்துவிட்டார்.

“போதும்” என்றார். “எல்லாரும் கேட்டாச்சு. நீ நல்லா சொல்லக் கத்துக்கிட்டே. இதுக்கு மேல சொன்னீன்னா இதையும் மாட்டிக்கிட்டுத் திரிவே. எந்திரி, போ.”

யெசாயா